பாதி வேலையோடு மூடக்கூடிய பெட்டி: ரஸ்பெரி பை 400-ஐ வைத்துக் கட்டியது

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி விளக்கு, மோட்டர், சென்சர்களை இயக்கப் பழகும் சின்ன போர்டு) வாங்குவது இப்போது பெரிய காரியம் இல்லை. ரவுணுக்குள்ளேயே நகல் போர்டு கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து கூரியரில் வந்துவிடும். அதை விரித்துவைத்து வேலை செய்ய ஒரு மேசை கிடைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே மேசை. காலையில் சாப்பாடு, பின்னேரம் பிள்ளைகளின் படிப்பு, இடையில் யாராவது வந்தால் தேத்தண்ணி. பிரெட்போர்டில் (சோல்டர் பண்ணாமல் வயரைக் குத்திச் சுற்று அமைக்கும் துளைப் பலகை) பாதி வயர் குத்தியபடி இருக்கும்போது "மேசையை ஒருக்கா விடு" என்று குசினியிலிருந்து குரல் வந்தால் எல்லாவற்றையும் பிடுங்கி பிஸ்கட் பேணிக்குள் போட வேண்டியதுதான். அடுத்த சனிக்கிழமை பேணியைத் திறந்தால் எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போனது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் பார்த்த பிள்ளைகள் பலர் இந்த வேலையைக் கைவிட்டது இப்படித்தான். நிரல் அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

ஆகவே எங்கள் சனசமூக நிலையத்து வார இறுதி வகுப்புக்காக இந்தப் பெட்டியைக் கட்டியபோது நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலை பாதியில் நிற்கும்போது, ஒரு வயரையும் பிடுங்காமல், அப்படியே மூடித் தூக்கிக்கொண்டு போக முடிய வேண்டும். இதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அந்தக் கண்ணோடுதான் மதிப்பிடுகிறேன். வேகமான கணினி, பெரிய திரை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: கீபோர்டு வடிவக் கணினியான ரஸ்பெரி பை 400, மூடியில் பொருத்திய 10.1 அங்குல மொனிட்டர், 12.8 வோல்ட் பற்றரி, அதிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் மாற்றி, ஒவ்வொரு வாசலுக்கும் தனிச் சுவிட்ச் உள்ள யூஎஸ்பி ஹப், வயரில் போகும் சைகைகளைத் திரையில் காட்டும் ஒரு சின்ன லொஜிக் அனலைசர், மல்டிமீட்டர், பைன்சில் சோல்டரிங் அயன். எல்லாம் சேர்ந்து 6 கிலோ அளவில் வரும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போகலாம், கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ஏறலாம்.

பெட்டியை ஒரு தச்சுப் பட்டறையில் பிளைவூட்டில் செய்வித்தேன். பக்கங்கள் 9 மிமீ, அடியும் மூடியும் 6 மிமீ. பனம்பலகையில் செய்தால் வடிவாக இருக்கும் என்று பலர் சொன்னார்கள், பார்வைக்கு உண்மைதான், ஆனால் பெட்டியின் பாரமே முதுகை முறித்துவிடும். உள்ளளவு 48 செமீக்கு 36 செமீ. உயரம்தான் முக்கியம். வெளிநாட்டு ஆயத்தப் பெட்டிகள் பலவற்றில் எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான், மெல்லியதாக, மடிக்கணினி போலத் தெரிய வேண்டும் என்று உயரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பிரெட்போர்டின் உயரமே 8.5 மிமீ, அதில் குத்தும் ஜம்பர் வயரின் கறுப்புப் பிளாஸ்டிக் தலை இன்னொரு 14 மிமீ, அதற்குமேல் வயர் வளைந்து திரும்ப இடம் வேண்டும். ஒரு அல்ட்ராசோனிக் சென்சரை நிமிர்த்திக் குத்தினால் இன்னும் மேலே போகும். எங்கள் பெட்டியில் பிரெட்போர்டின் மேலிருந்து மூடியிலுள்ள மொனிட்டர் வரை 7 செமீ வெறுமை விட்டிருக்கிறது. மூடினால் எதிலும் முட்டாது. பார்க்கக் கொஞ்சம் தடிப்பான பெட்டிதான், அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

இந்தப் பெட்டியில் மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால், எந்த மின்னணுக் கடையிலும் வாங்க முடியாத ஒன்றைத்தான் சொல்வேன்: தட்டு. 24 செமீக்கு 18 செமீ, 6 மிமீ பிளைவூட் துண்டு, இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டத்துக்குள் லாச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், முன்னால் ஒரு திருகாணி பிடித்துக்கொள்ளும். தட்டின்மேல் 830 துளைப் பிரெட்போர்டுகள் இரண்டை நீளவாக்கில் பக்கத்தில் பக்கமாக ஒட்டியிருக்கிறேன், ஆனால் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்கோட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டு. காரணம் ஈஎஸ்பி32, வைஃபை உள்ள இன்னொரு நிரல் போர்டு. அந்த போர்டு அகலமானது. ஒற்றைப் பிரெட்போர்டில் குத்தினால் ஒரு பக்கம் ஒரு வரிசைத் துளைதான் மிஞ்சும், சில போர்டுகளில் அதுவும் மிஞ்சாது. இரண்டு பிரெட்போர்டின் நடுவில் காலை அகட்டி வைத்தால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும். மிச்ச அகலத்தில் ஊனோவுக்கு 3 மிமீ திருகாணித் தூண்கள். ரஸ்பெரி பை நிறுவனத்தின் சின்ன நிரல் போர்டான பீக்கோவின் துளைகள் 2.1 மிமீதான், அதற்கு 2 மிமீ திருகாணி வேண்டும், ஆனால் பீக்கோவை நேரே பிரெட்போர்டில் குத்துவதே நல்லது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு. பேரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நேரம் முடிந்தால் யூஎஸ்பி வயரை மட்டும் கழற்றித் தட்டை இழுத்து அலுமாரி றாக்கையில் வைப்பார்கள், அடுத்தவர் தன் தட்டைச் சொருகுவார். ஒரு பெட்டி, ஒரு கணினி, ஆனால் எத்தனை பேருடைய முடியாத வேலையும் முடியாதபடியே பத்திரமாக இருக்கும். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தபிறகு இப்படியான செயன்முறை வேலைகளுக்கு ஆசைப்படுகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் கூடிவிட்டார்கள், எல்லாருக்கும் தனித்தனிக் கணினி வாங்கிக் கொடுக்க ஒரு நிலையத்தாலும் முடியாது. தட்டு வாங்கிக் கொடுக்க முடியும்.

சரி, பை 400.

2020 நவம்பரில் வந்த பொருள், இப்போது பழசுதான். ஒரு கீபோர்டுக்குள்ளேயே முழுக் கணினி: 1.8 கிகாஹேர்ட்ஸ் நான்கு கோர், 4 ஜிபி ராம், பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி 3, ஒரு யூஎஸ்பி 2, இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ, வெளிச் சுற்றுகளை இணைக்கும் 40 பின் ஜிபிஐஓ. 28.6 செமீ நீளம், 12.2 செமீ அகலம். சாதாரண பை 4-ஐ வாங்கி, அதற்கொரு கூடு, அதற்கொரு கீபோர்டு என்று சேர்ப்பதைவிட இதைப் பெட்டியின் முன்பக்கம் அப்படியே படுக்கவைத்தால் வேலை முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதில் விசிறி இல்லாதது. கீபோர்டின் கீழே முழு அகலத்துக்கும் ஒரு உலோகத் தகடு, சூட்டை அதுவே வாங்கிக்கொள்கிறது. சோளகம் தொடங்கினால் இங்கே எந்த விசிறிக்குள்ளும் செம்புழுதி போய்ப் படியும் என்பது கணினி திருத்துகிறவர்களைக் கேட்டால் தெரியும். சித்திரை வெயிலிலும் ஓட்டுக் கூரையின் கீழ் இந்தக் கீபோர்டு கைக்கு இளஞ்சூடாக இருந்ததே தவிர வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

குறைகளும் உண்டு. ஜிபிஐஓ பின்கள் பின்பக்கம் பார்த்திருப்பதால் பெட்டிக்குள் வைத்தபிறகு கை போகாது. 40 பின் பட்டை வயர் ஒன்றைச் சொருகி தட்டின் ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும், அது இல்லாமல் இந்தப் பெட்டியைக் கட்டுவதில் அர்த்தமே இல்லை. அந்தப் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஊனோவின் 5 வோல்ட் வெளியீட்டை நேரே கொடுத்தால் போர்டு போய்விடும், கீபோர்டோடு முழுக் கணினியும் போனமாதிரி. ஆகவே பட்டை வயர் தட்டுக்கு வரும் இடத்தில் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் பொருந்தவைக்கும் நாலு வழி லெவல் ஷிஃப்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிட்டேன், பிள்ளைகள் தொடுவது அதன் மறுபக்கத்தை மட்டும். அனலொக் உள்ளீடு இதில் கிடையாது, ஈரப்பத சென்சரை வாசிக்க ஊனோவோ பீக்கோவோ வேண்டும். எப்படியும் அவைதான் தட்டில் இருக்கின்றன, அது பெரிய குறையாகத் தெரியவில்லை. காதில் மாட்டும் ஹெட்போன் குத்தும் துளையும் இல்லை.

மென்பொருள் பக்கம் பீக்கோவுக்கும் மைக்ரோபைதனுக்கும் (சின்ன போர்டுகளில் ஓடும் பைதன் நிரல்மொழி) இது சொர்க்கம். அதில் நிரல் எழுதும் தொன்னி என்ற செயலி ரஸ்பெரி பை இயங்குதளத்தோடேயே வருகிறது. பீக்கோவின் வெள்ளைப் பொத்தானை அமத்திக்கொண்டு யூஎஸ்பியைச் சொருகினால் அது ஒரு பென் டிரைவ் மாதிரித் தெரியும், மைக்ரோபைதன் கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் சரி. ஆர்டுயினோவுக்கு நிரல் எழுதும் மென்பொருளின் பழைய 1.8.19 பதிப்பைத்தான் போட்டிருக்கிறேன், அதற்கு பை 400 போன்ற ஆர்ம் சிப் கணினிக்கான பதிப்பு இருக்கிறது, ஊனோவுக்கு எழுதுவதற்கு அது தாராளமாகக் காணும். நகல் ஊனோக்களில் இருக்கும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப்புக்கு விண்டோஸில் டிரைவர் தேடி அலைவதுபோல இதில் அலைய வேண்டியதில்லை, லினக்ஸிலேயே இருக்கிறது. ஈஎஸ்பி32 நிரலைத் தொகுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். முதல் தடவை அமத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்; அடுத்தடுத்த தடவை கெதியாக வரும், ஏனென்றால் மாறிய பகுதியை மட்டும்தான் திரும்பத் தொகுக்கிறது. ஈஎஸ்பி32 மட்டுமே செய்யப்போகிறவர் என்றால் பை 400 உங்களுக்கு வேண்டாம், பழைய மடிக்கணினி ஒன்றே நல்லது. தேவையான லைப்ரரிகளை எல்லாம் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் வகுப்பு நடத்தலாம்.

மொனிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 7 அங்குலத்தில் 1024க்கு 600 திரைகள் மலிவு, ஆனால் எழுத்தும் வரைபடமும் ஒன்றாக வைக்க இடம் காணாது, மூன்று பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். 10.1 அங்குலம், 1280க்கு 800, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. அதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

மின்சாரத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், இப்படியான பெட்டி கட்டுகிறவர்கள் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்துக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் ஒரேயடியாக இருண்டது. அவ்வளவு மோசமில்லாத நாட்களிலும் திடீரென்று கரண்ட் போய் வந்தால் மைக்ரோ எஸ்டி கார்டில் உள்ள இயங்குதளம் பழுதாக வாய்ப்பு இருக்கிறது. அதனால் பெட்டி எப்போதும் பற்றரியில்தான் ஓடுகிறது, சுவர் மின்சாரம் பற்றரியை நிரப்ப மட்டும்.

யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி இங்கே எங்கும் கிடைக்கும். ஆனால் அது 2 கிலோவுக்கு மேல் பாரம், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 84 வாட்-மணி என்று எழுதியிருந்தாலும் கையில் வருவது 42தான். அதற்குப் பதிலாக லிதியம் அயன் பொஸ்பேட் வகையில் 12.8 வோல்ட் 6 அம்பியர்-மணி வாங்கினேன். 77 வாட்-மணி, கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், பாரம் ஒரு கிலோவுக்குள். கைபேசிகளில் வரும் லிதியம் வகையைவிடச் சூட்டைத் தாங்கக்கூடியது, பிள்ளைகள் சுற்றி நிற்கும் பெட்டிக்குள் இதைத் தவிர வேறு லிதியத்தை வைக்க மாட்டேன். கணினி, திரை, போர்டுகள் எல்லாம் சேர்ந்து 12 வாட் அளவில் இழுக்கும், மாற்றியில் வீணாவதையும் கழித்தால் ஐந்து மணித்தியாலம் வரும். ஒரு பின்னேர வகுப்புக்கு அது போதும், மிஞ்சும். ஈயப் பற்றரிக்கான சார்ஜரை இதற்குப் பாவிக்காதீர்கள், இதற்கென்று உள்ள 14.6 வோல்ட் சார்ஜரையே வாங்குங்கள். நேர் முனையிலிருந்து வயர் புறப்படும் இடத்திலேயே ஒரு 5 அம்பியர் பியூஸ், வேறெங்கும் இல்லை, அங்கேதான்.

முதலில் 18650 செல்களால்தான் கட்ட நினைத்திருந்தேன். ஒரு கடையில் 9900 மில்லி அம்பியர்-மணி என்று அச்சடித்த செல்களை விற்றார்கள், கேட்டபோது "ஒரிஜினல்" என்றார்கள். சரியான 18650 செல் 3500 அளவில்தான் நிற்கும், அந்த உருளைக்குள் 9900ஐ அடைக்க வழியே இல்லை. தராசில் வைத்தாலே தெரியும்: நல்ல செல் 45 கிராமைத் தாண்டும், அந்தக் கடையின் செல் கையில் எடுத்தபோதே வெறும் கூடு மாதிரி இருந்தது. பணம் கட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்து இப்படி விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்காமல் செல் வாங்காதீர்கள்.

5 வோல்ட் மாற்றிக்கும் அதே எச்சரிக்கை. எங்கும் மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 போர்டில் 3 அம்பியர் என்று எழுதியிருக்கும், சூடு தணிக்கும் தகடு இல்லாமல் 2ஐத் தாண்டினாலே தொட முடியாது. பை 400 வோல்ட் 4.63க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் அடையாளம் காட்டும். அதைக் கண்டால் நிரலைச் சந்தேகிக்காமல் மாற்றியையும் யூஎஸ்பி வயரையும் மாற்றுங்கள். மெல்லிய வயரிலேயே அரை வோல்ட் காணாமல் போய்விடும். 5 அம்பியர் தரக்கூடிய மாற்றி, அதை 5.1 வோல்ட்டில் வைத்து, அரை முழ நீளத் தடித்த வயர். அதன்பிறகு அந்த மின்னல் எங்கள் திரையில் வரவே இல்லை.

தட்டில் உள்ள சுற்றுக்குத் தனி வழி வைத்திருக்கிறேன். மோட்டர், சேர்வோ ஆகியவற்றுக்கு மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய இன்னொரு மாற்றி, பிள்ளைகள் தொடங்கும்போது 200 மில்லி அம்பியரில் பூட்டி வைப்பேன், எங்காவது நேரும் எதிரும் முட்டினால் புகை வராமல் வோல்ட் மட்டும் விழுந்துவிடும். யூஎஸ்பி ஹப்பில் ஒவ்வொரு வாசலுக்கும் சுவிட்ச் இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் போர்டை நிறுத்தி ஓட்ட ஒவ்வொரு தரமும் வயரைப் பிடுங்கிச் சொருகினால் முதலில் பழுதாவது அந்த மைக்ரோ யூஎஸ்பி சொக்கெட்தான். கணினிக்கும் ஹப்புக்கும் இடையில் ஏடியூஎம்4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் (தரவை விட்டு, மின் இணைப்பை மட்டும் பிரித்துவைப்பது) ஒன்றும் போட்டேன். வினாடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது, ஊனோ, ஈஎஸ்பி32, பீக்கோ மூன்றுக்கும் அதற்குமேல் தேவையில்லை. தட்டில் என்ன நடந்தாலும் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகாது என்ற நிம்மதி அந்த விலைக்குப் பெறும். ஆனால் ஒன்று, தட்டுக்குத் தனி மின்சாரம் கொடுப்பதும் இதே பற்றரியிலிருந்து என்றால் கறுப்பு வயர் வழியாக இரண்டு பக்கமும் மறுபடி சேர்ந்துவிடும். நான் அந்த மாற்றியையும் தனிமைப்படுத்திய வகையில் வாங்கினேன்.

லொஜிக் அனலைசர் 8 வழி, 24 மெகாஹேர்ட்ஸ் வகை, கையகலம் கூட இல்லை, இதைவிட மலிவாக இவ்வளவு கற்றுத் தரும் பொருள் வேறு எதுவும் கிடைக்காது. பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளில் ஓடும். அதன் வேகம் கூடியதென்பதால் ஐசொலேட்டர் வழியாக ஓடாது, நேரே கணினியில்தான் சொருக வேண்டும். ஆகவே அதை என் கையால் மட்டும் இணைக்கிறேன். ஊனோவிலிருந்து ஆங்கில 'ஏ' எழுத்தை அனுப்பி அது திரையில் மேடும் பள்ளமுமாக விழுவதைப் பார்த்த ஒரு பிள்ளை, "அண்ணை, இதுதான் அந்த ஏயா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு பிட்டாக விரலால் எண்ணத் தொடங்கினாள். அந்த எழுத்தின் எண் 65, இரும எண்ணில் 01000001, ஆனால் வயரில் கடைசி பிட்தான் முதலில் வரும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

பைன்சில் நல்ல அயன், தயங்காமல் சொல்லலாம். யூஎஸ்பி-சி வழியாக 20 வோல்ட் கொடுத்தால் சாதாரண 8 ஓம் முனை 50 வாட் எடுக்கும், சில நொடிகளில் சூடாகிவிடும். பெட்டியின் 12.8 வோல்ட்டில் நேரே ஓட்டினால் 20 வாட்தான் வரும். பின் வரிசைக்கும் மெல்லிய வயருக்கும் சரி, பெரிய செப்புப் பரப்புக்கு ஒட்டாது. 60/40 (வெள்ளீயம்/ஈயம்) சோல்டர் 190 பாகைக்குள் உருகிவிடும் என்பதால் பற்றரியில் அதைத்தான் பாவிக்கிறேன், ஈயமில்லாத வகை 217க்கு மேல் கேட்கும். ஈயம் என்பதால் முடிந்தவுடன் சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் யாரும் வடை எடுக்க முடியாது, இது எங்கள் நிலையத்துச் சட்டம். சூடான அயனைப் பெட்டிக்குள் வைக்க இடமில்லை, வெளியே ஒரு தாங்கியில் ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். என் ஒற்றை நிபந்தனையை மீறும் ஒரே பொருள் இதுதான்.

உப்புக்காற்றுக்கும் மாரிக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களின் ஜம்பர் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், தொடுகை விட்டுவிட்டுப் பிடிக்கும், பிள்ளை நிரலில் பிழை தேடிக்கொண்டே இருக்கும். மூடி சந்திக்கும் விளிம்பில் ரப்பர் பட்டியும் உள்ளே சிலிக்கா ஜெல் பைகளும் போட்டிருக்கிறேன். பைகளை மாரி மாதங்களில் அடிக்கடி அடுப்புச் சூட்டில் உலர்த்த வேண்டும்.

விலை என்று பார்த்தால், பை 400 வெளிவந்தபோது 70 டொலர். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது அது எட்டாத பொருளாகிவிட்டது. இப்போது பாவித்தது கிடைத்தால் அதுவே போதும். 2024 டிசம்பரில் வந்த பை 500 வேகம் கூடியது, 8 ஜிபி ராம், ஆனால் அதற்கு 27 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறார்கள், அதற்கேற்பப் பற்றரியும் மாற்றியும் பெரிதாகும். ஈஎஸ்பி32 அதிகம் செய்கிறவர்கள் அதைப் பார்க்கலாம். வீட்டில் நல்ல மடிக்கணினி சும்மா கிடக்கிறதென்றால் இரண்டும் வேண்டாம், பெட்டியையும் தட்டையும் பற்றரியையும் மட்டும் கட்டுங்கள். பயன் முக்கால்வாசி அங்கேயே வந்துவிடும்.

யாராவது கட்டப்போகிறீர்கள் என்றால் பெட்டியின் அளவை உங்கள் வசதிக்கு எப்படியும் மாற்றுங்கள், தட்டை மட்டும் 24க்கு 18, 6 மிமீ தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் படித்துவிட்டு இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் இருக்கும் தம்பி ஒருவர் அங்கே இதேமாதிரி ஒரு பெட்டி கட்டுகிறார், அவருக்கும் இதே அளவைத்தான் கொடுத்திருக்கிறேன். லீவுக்கு வரும்போது பெட்டியைத் தூக்கத் தேவையில்லை, தட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.